சிறுகுடலுக்கு ஒரு சொற்பட்டியல்

வாய் வழியாகச் செலுத்தும் வழக்கமான அகநோக்கிக் குழாய், ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலின் தொடக்கத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் காண உதவுவது, 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளிகைக் காமிரா. 26 மில்லிமீட்டர் நீளமே உடைய இதனை நோயாளி விழுங்கிவிட்டால், வினாடிக்கு இரண்டாக ஐம்பதாயிரம் படங்களுக்கு மேல் அனுப்பிவிடும்.

இடர்ப்பாடு அதன் பின்னர்தான். படம் பார்த்து அறிக்கை எழுதுபவர் ஒருவர். சிகிச்சை அளிப்பவர் பெரும்பாலும் வேறொருவர். அவர் கைக்கு வருவன சில சொற்களே. குளிகையோ திசுவைக் கிள்ளி வருவதில்லை. குருதிச்சோகையுற்ற ஒருவரின் குடலில் தெரிந்ததை 'சிவப்புப் புள்ளி' என்றெழுதினால், அது கசிவுக்கு ஐயத்திற்குரிய காரணம். அதையே 'விரிந்த குருதிக்குழல்' என்றால், வலுவான காரணம். நீண்ட அகநோக்கியைச் செலுத்திச் சுட்டு அடைக்கவும் முனைவர். ஒரு பொருளுக்குப் பல சொல் இருப்பது புலவர்க்குச் செல்வம், இங்கோ ஆபத்து!

இதனையுணர்ந்த பன்னாட்டு மருத்துவர் குழுவொன்று 2005-இல் சொற்பட்டியல் ஒன்றை வெளியிட்டது. குடலின் உட்குழிவு, அதிலுள்ள பொருள், சவ்வின் தோற்றம், தட்டையான மாற்றம், புடைப்பு, குழிவு எனத் தலைப்புகள் வகுத்து, எண்ணிக்கை, அளவு, பரவல் ஆகியவற்றையும் குறிக்கச் செய்தது. கண்டதை மட்டும் முதலில் எழுது, நோயின் பெயரைப் பின்னர் சொல் என்னும் இம்முறையே இதன் சிறப்பென்பது என் கருத்து.

ஆயினும் 'அரிப்பு' எங்கே முடிந்து 'புண்' எங்கே தொடங்குகிறது? அது ஆழத்தைப் பொறுத்தது. தட்டையான படத்தில் ஆழத்தை அளக்க முடிவதில்லை. குரோன் நோயில் காணும் புண்களின் பெயர்களுக்கு 2020-இல் மீண்டும் வல்லுநர் கூடி வரையறை வகுக்க வேண்டியிருந்தது.