மூன்று மீட்டர் சந்தில் ஒரு கூட்டம்

சியோல் நகரின் இதேவோன் பகுதியில், ஹாமில்டன் ஹோட்டலை ஒட்டிச் சரிவாக இறங்குகிறது ஒரு சந்து. நீளம் ஏறக்குறைய 40 மீட்டர். மிகக் குறுகலான இடத்தில் அகலம் 3.2 மீட்டர்தான். 2022 அக்டோபர் 29 இரவு, ஹாலோவீன் கொண்டாட வந்த இளைஞர்கள் மேலிருந்தும் கீழிருந்தும் அதற்குள் நுழைந்தபடியே இருந்தார்கள். அங்கே மூண்ட நெரிசல் துயரத்தில் பலியானவர்கள் 159 பேர்.

இப்படிப்பட்ட நெரிசலில் பலரும் மிதிபட்டுச் சாவதில்லை. மூச்சுத் திணறிச் சாகிறார்கள், சிலர் நின்ற நிலையிலேயே. முன்னும் பின்னும் உடல்கள் அழுத்துவதால் மார்பு விரிய இடமிருக்காது. விட்ட மூச்சைத் திரும்ப இழுக்க முடியாது.

இத்தனைக்கும் நடக்கிற கூட்டம் புத்திசாலியானது. எதிரெதிராக வருகிறவர்கள் ஒரு குறுகிய வழியில் சந்தித்தால், யாரும் சொல்லாமலே வரிசை வரிசையாகப் பிரிந்துகொள்கிறார்கள். முன்னால் போகிறவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பது எதிரே வருபவரோடு மோதுவதைவிடச் சுலபம் அல்லவா?

இந்த ஒழுங்கு நெருக்கத்தில் குலைகிறது. ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேர் சேர்ந்துவிட்டால், எங்கே போவது என்பது யார் கையிலும் இல்லை. எங்கோ விழுந்த ஒரு தள்ளல் அலையாகப் பரவி, கால் தரையில் பாவாமலே ஆட்களைத் தூக்கிப் போகும். 2006-இல் மினாவில், ஜமராத் பாலத்தருகே ஹஜ் யாத்திரிகர்கள் முந்நூறு பேருக்கு மேல் இறந்தபோது பதிவான வீடியோவை ஆராய்ந்த விஞ்ஞானி டிர்க் ஹெல்பிங் குழுவினர், இந்த அலைகளை அதில் தெளிவாகக் கண்டார்கள்.

அவசரமும் உதவாது. ஹெல்பிங்கும் இரு சகாக்களும் 2000-இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கணினி மாதிரியை வெளியிட்டார்கள். முண்டியடிக்க முண்டியடிக்க, வாசலைக் கடப்பதற்கு அதிக நேரம் பிடித்தது. புனலில் அரிசி அடைத்துக்கொள்வதைப்போல, வாசலுக்கு முன்னால் தோளோடு தோள் முட்டி ஒரு வளைவு உருவாகிவிடுகிறது.

பின்னால் நிற்பவருக்கு இது எதுவும் தெரியாது. 2017 செப்டம்பர் 29 காலை மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலையத்தில், மழைக்காக நடைமேம்பாலப் படிகளில் ஒதுங்கியவர்கள் நகரவில்லை; ரயில்கள் மேலும் மேலும் ஆட்களை இறக்கின. 23 பேர் இறந்தார்கள். ஆகவே, “ஜனங்களுக்குப் பொறுமை இல்லை” என்று பழியைக் கூட்டத்தின் தலையில் போடுவது அநியாயம். வெளியே நின்று மொத்தத்தையும் பார்க்கக் கூடியவர்கள்தான் வாயிலை அடைத்திருக்க வேண்டும். இதேவோனில் நசுங்கிச் சாகும் நிலை என்று போலீசுக்கு முதல் அழைப்பு போனது மாலை 6.34-க்கு. நெரிசல் முற்றியது இரவு 10.15 வாக்கில்.

கூட்டத்துக்குள் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நாலா பக்கமும் பிறர் உடம்பு இடிக்கத் தொடங்கினால், நகர முடிகிறபோதே வெளியேறிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் எதிர்த்துத் தள்ளாதீர்கள். கைகளை மடக்கி மார்புக்கு முன்னால் வையுங்கள். கீழே விழுந்தது செல்போனே ஆனாலும் குனியாதீர்கள்.