குழவி எதிர்ப்பக்கம் போகும் நேரம்

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இன்ஜினீயரிங் படிக்கும் மகன் இரண்டு மாதமாக ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ இயந்திரத்தை லேப்டாப்புக்குள் கட்டிக்கொண்டிருக்கிறானாம். பீரங்கி நகர்கிறது, எதிரிப் படை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார். எனக்கோ, படை ஏன் நகரவில்லை என்பதுதான் கேள்வி.

1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஆட்டம். உள்ளே 2 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் 8080. அதன் கட்டளைகளை எழுதி முடிக்கப் பொறுமை போதும். வம்பெல்லாம் சிப்புக்கு வெளியே. 1-ஆம் போர்ட்டைப் படித்தால் காசு விழுந்ததா, பொத்தான் அமுங்கியதா என்று தெரியும். 8080 ஒரு தடவைக்கு ஒரு பிட்தான் நகர்த்தும். அதனால் நகர்த்தலுக்கென்றே தனிச் சுற்று. 4-இல் பைட்டைப் போடு, 2-இல் எத்தனை பிட் என்று சொல், 3-இல் விடையை எடு. சிமுலேட்டரில் நாலு வரி.

என்னைக் கட்டிப்போட்டது இன்டரப்ட். பிக்சர் டியூபின் கதிர் நொடிக்கு 60 முறை திரையை வரைகிறது. ஏறக்குறைய நடுவில் ஒரு இன்டரப்ட், முடிவில் இன்னொன்று. முதலாவது வந்ததும் சிப், விட்ட இடத்தைக் குறித்துக்கொண்டு 8-ஆம் முகவரிக்கு ஓடும், மற்றதற்கு 16. எங்கள் அம்மா ஆட்டுக்கல்லில் ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே மறு கையால் மாவைத் தள்ளிவிடுவாள், குழவி எதிர்ப்பக்கம் போகும் நேரம் பார்த்து. நேரம் தப்பினால் விரல் நசுங்கும். இங்கே கதிர்தான் குழவி. அது இல்லாத பாதியில்தான் குண்டுகளை அழித்து வரைகிறார்கள்.

படைக்கு வருவோம். 55 பேரில், ஒருமுறை திரை வரைவதற்குள் ஒருவரைத்தான் நகர்த்த முடிகிறது. (ஆள் குறையக் குறைய வேகம் கூடுவது இதனால்தான்.) அடுத்தவர் யார் என்று பார்ப்பது நடு இன்டரப்ட், அவரை வரைவது கடைசி இன்டரப்ட். பையன் கடைசியை மட்டும் அனுப்புகிறான் போலிருக்கிறது.

நான் படித்த கல்லூரியில் 8080-க்கு அடுத்துப் பிறந்த 8085 கிட்டுகள் இருந்தன. பிராக்டிகல் தேர்வன்றுதான் உறையைக் கழற்றுவார்கள். ‘இன்டரப்டை விளக்குக’ என்ற கேள்விக்குப் படம் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஒரு இன்டரப்ட் வந்து பார்த்ததில்லை. உங்கள் மகன் ஒன்றைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறான். விட்டுவிடுங்கள் ஐயா, தேடட்டும்.

ஏறத்தாழ 16,667 கடிகாரத் துடிப்புக்கு ஒன்றாக, 8, 16 என்று மாற்றி மாற்றி அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். சிப் இன்டரப்டுக்குக் கதவைச் சாத்தி வைத்திருக்கும் நேரத்தில் மட்டும் தட்டக் கூடாது.