முகப்பு அட்டையின் மொழி

“அகத்தின் அழகு முகத்தில் தெரியும்” என்பது முதுமொழி. மனிதருக்கு முகம் எப்படியோ, அப்படியே இதழுக்கு அதன் அட்டை. கடையில் தொங்கும் பத்து இதழ்களுள் ஒன்றை நோக்கி மட்டும் நம் கை நீள்கிறதே, அது ஏன்? இசை இதழ்களைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

இசை காதுக்குரியது, அட்டையோ கண்ணுக்குரியது. கேட்க வேண்டியதைப் பார்க்கும்படி செய்வதே அட்டையை அமைப்பவரின் முதல் வேலை. அதற்கு அவரிடம் உள்ள கருவிகள் நான்கு.

முதலாவது, இதழின் பெயர். 1981-இல் இங்கிலாந்தில் தோன்றிய ‘கெராங்’ என்னும் இதழின் பெயருக்கு அகராதியில் பொருள் தேட வேண்டியதில்லை. மின் கிதாரை ஓங்கி மீட்டினால் எழும் ஓசையே அது! அதன் எழுத்துகளும் கண்ணாடி விரிசல் விட்டது போலவே அமைந்தன. இரைச்சலான இசையை விரும்பும் இளைஞர் அதைக் கண்டதும் ‘இது நமக்குரியது’ என்று அறிந்துகொண்டனர். மெல்லிசை விரும்புவோர் விலகிச் சென்றனர். வேண்டியவரை அழைப்பது போலவே, வேண்டாதவரை விலக்குவதும் அட்டையின் பணிதான்.

இரண்டாவது, படம். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1967 நவம்பர் 9-ஆம் தேதியிட்டு ‘ரோலிங் ஸ்டோன்’ முதல் இதழ் வெளிவந்தது. அட்டையில் பாடகர் ஜான் லெனன் இருந்தார். ஆனால் அவர் கையில் கிதார் இல்லை. தலையில் போர்வீரனின் தொப்பி! அவர் நடித்த திரைப்படத்தின் காட்சி அது. பாட்டை மட்டுமன்றி, காலத்தின் போக்கையும் இவ்விதழ் பேசும் என்பதை அப்படமே உணர்த்தியது. இரண்டாம் இதழின் அட்டையில் டினா டர்னர் என்னும் கறுப்பினப் பாடகி இடம் பெற்றார். அட்டையில் யாருக்கு இடம் தருகிறார்கள் என்பதும் ஒரு கருத்தேயாகும்.

பெரும்பாலும் அட்டையிலுள்ள முகம் நம்மை நேரே நோக்கும். அதனால் நம்மோடு மட்டும் பேசுவது போன்ற உணர்வு பிறக்கிறது.

மூன்றாவது, தலைப்பு வரிகள். இங்கிலாந்தில் 1978 முதல் 2006 வரை வெளிவந்த ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ நம் வயதினருக்கான இதழ். எந்தெந்தப் பாடல்களின் வரிகள் உள்ளே இருக்கின்றன என்பதை அது அட்டையிலேயே அறிவித்தது. தோழியரோடு சேர்ந்து பாட விரும்பும் சிறுமிக்கு வேறென்ன வேண்டும்? சில வேளை வரிகள் இல்லாமையும் பேசும். 1980 டிசம்பர் 8 அன்று லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று பகலில் அவரையும் அவர் மனைவியையும் எடுத்த புகைப்படத்தை 1981 ஜனவரியில் ‘ரோலிங் ஸ்டோன்’ தலைப்பு வரிகளின்றி வெளியிட்டது. துயரத்தின் முன் சொற்கள் தாமே ஒதுங்கி நின்றன.

நான்காவது, இலவச இணைப்பு. 1992-இல் தொடங்கிய ‘பி.பி.சி. மியூசிக்’ இதழ், அட்டையோடு இசைத்தட்டையும் இணைத்து வழங்கியது. கண்ணால் கண்டவரைக் காதாலும் கேட்கச் செய்யும் வழி அது!

நம் நாட்டிலும் 1983-இல் சென்னையில் என். பட்டாபிராமன் தொடங்கிய ‘ஸ்ருதி’ ஆங்கில இதழைக் கூறலாம். கர்நாடக இசைக் கலைஞரும் நடனக் கலைஞரும் அதன் அட்டையை அலங்கரித்தனர். அது கச்சேரி ரசிகர்களுக்கான அழைப்பு.

இவற்றையெல்லாம் நாங்கள் அறிந்துகொண்டது ஒரு தவற்றுக்குப் பின்னரே. நவம்பர் 22, இசையின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். அதை முன்னிட்டு எங்கள் வகுப்பில் கையெழுத்து இதழ் ஒன்று தயாரித்தோம். புகழ்பெற்ற சினிமாப் பாடகி ஒருவரின் வண்ணப் படத்தை வெட்டி அட்டையில் ஒட்டினோம். இடைவேளையில் ஒரே கூட்டம்! ஆனால் எல்லாரும் பக்கங்களைப் புரட்டிவிட்டு ஏமாற்றத்தோடு வைத்துவிட்டனர். காரணம், அப்பாடகியைப் பற்றி உள்ளே ஒரு வரிகூட இல்லை. “கொடுக்க முடியாததை வாசலில் எழுதி வைக்கலாமா, பிள்ளைகளே?” என்று சிஸ்டர் கேட்டபோது நாங்கள் தலை குனிந்தோம்.

பிறகு அட்டையை மாற்றினோம். எங்கள் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கும் தோழியின் விரல்களை வரைந்தோம். பார்க்க வந்தவர் முன்னைவிடக் குறைவு. ஆனால் வந்தவர் கடைசிப் பக்கம் வரை படித்தனர்.

ஆகவே தோழியரே, அழகிய அட்டையைக் கண்டதும் காசை நீட்டிவிடாமல் சற்றே நிற்போம். ‘இது யாரை அழைக்கிறது? எதைத் தருவதாகச் சொல்கிறது? அது உள்ளே இருக்கிறதா?’ என்று கேட்போம். பிறருக்கு நாம் காட்டும் முகத்தைக் குறித்தும் இதே கேள்விகளை நம்மிடமே கேட்டுக்கொள்வது நன்று.