தரங்கம்பாடி புதிய எருசலேம் கோயில்: கட்டியவர்களும் காத்தவர்களும்

தரங்கம்பாடி என்றதும் நம்மில் பலருக்கு டேனிஷ் கோட்டையும் கடற்கரையும்தான் நினைவுக்கு வரும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டி, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். கோட்டைக்குப் பக்கத்திலேயே, ராஜ வீதியில், முந்நூறு வயது கடந்த ஒரு லுத்தரன் கோயில் நிற்கிறது. அதற்குள் நுழைந்து பார்ப்பவர்கள் குறைவு. அந்தக் கோயிலின் கதை, வெளி மாநிலத்தில் வாழும் நமக்கும் கொஞ்சம் சொந்தமான கதைதான்.

1620ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். வந்தது மிளகு வியாபாரத்துக்கு. எண்பது வருஷம் கழித்து, 1701ல், தங்கள் வழிபாட்டுக்கென்று சீயோன் கோயிலைக் கட்டிக்கொண்டார்கள். அது ஐரோப்பியர்களுக்கான கோயில். ஊர் ஜனங்களுக்கு அங்கே இடம் கிடையாது என்றே சொல்லலாம்.

1706 ஜூலை 9ஆம் தேதி, டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மானியர்கள் கரை இறங்கினார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு, மற்றவர் ஹென்றி புளுட்சோ. சீகன்பால்குவுக்கு அப்போது வயது இருபத்துமூன்று அல்லது இருபத்துநான்குதான். ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிடித்து, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதித் தமிழ் கற்றார். பல மொழி தெரிந்த அழகப்பன் என்ற உள்ளூர்க்காரர் பேச்சுத் தமிழுக்குத் துணையாக இருந்தார்.

1707 மே மாதம் ஞானஸ்நானம் பெற்ற முதல் ஐந்து பேரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 14ல் முதல் எருசலேம் கோயில் பிரதிஷ்டை ஆனது. ஆராதனை தமிழிலும் போர்ச்சுகீசியத்திலும் நடந்தது. துறைமுக ஊர்களில் கலப்பு இனத்தாரும் வேலைக்காரர்களும் அன்று போர்ச்சுகீசியம் பேசி வந்தார்கள் என்பதே காரணம். டேனிஷ் தளபதிக்கு இந்த மிஷன் பிடிக்கவில்லை. 1708 நவம்பரில் சீகன்பால்குவைப் பிடித்து நாலு மாதம் கோட்டையில் அடைத்து வைத்தார். தடுத்தவரும் கிறிஸ்தவர், தடுக்கப்பட்டவரும் கிறிஸ்தவர்!

அதன் பின் அச்சுக்கூடம் வந்தது. 1714ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தன. சபை பெருகவே பழைய கோயில் போதவில்லை. 1717 பிப்ரவரி 9ல் அடிக்கல் நாட்டி, 1718 அக்டோபர் 11ல் புதிய எருசலேம் கோயிலைப் பிரதிஷ்டை செய்தார்கள். கட்டடம் சிலுவை வடிவம்; முகப்பில் டென்மார்க் மன்னரின் கிரீடமும் பெயர்ச் சின்னமும். நாலே மாதத்தில், 1719 பிப்ரவரி 23ல், சீகன்பால்கு காலமானார். வயது முப்பத்தாறு. பீடத்தின் அருகே அவரை அடக்கம் செய்தார்கள். உடன் உழைத்த கிருண்ட்லரும் 1720ல் இறந்து அங்கேயே அடக்கம் ஆனார்.

கட்டியவர்கள் கதை இத்துடன் முடிந்தது. கோயில் எப்படி நிலைத்தது என்பதுதான் அடுத்த கேள்வி.

1733 டிசம்பர் 28ல் இதே கோயிலில் ஆரோன் என்ற தமிழருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். கடலூரில் பிறந்தவர், ஆறுமுகம் என்பது முன்பெயர், வேளாளர். இந்தியாவில் புரோட்டஸ்டண்ட் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவரே. தமிழர் பெருமைப்படத் தக்க நாள்தான், சந்தேகமில்லை.

ஆனால் அதே காலத்தில் இராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். தஞ்சை மன்னரின் படையில் பணிபுரிந்த கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான தமிழ் வேதத்தைப் படித்தே இந்தச் சபைக்கு வந்தவர். தஞ்சைப் பக்கத்துக் கிராமங்களில் அவர் செய்த ஊழியம் பெரிது. ஆனாலும் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். அவர் பறையர் சமூகத்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்க வேளாளக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனெரிகள் தயங்கினார்கள். 1741ல் இரண்டாவது குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போயிற்று. கோயிலுக்குள் உட்காரும் இடமும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடந்தது. சுவர் எழுப்ப ஒன்றரை வருஷம் போதுமாயிருந்தது. உள்ளே இருந்த சுவரை இடிக்க எத்தனையோ தலைமுறை தேவைப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆள் வருவது குறைந்து, மிஷன் மெலிந்தது. 1845ல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. நாகப்பட்டினத்துக்கு 1861ல் ரயில் வந்ததும் துறைமுகத்தின் வியாபாரமும் அந்தப் பக்கம் போயிற்று. மன்னர் போனார், கம்பெனி போனது, கப்பல் போனது. போர்ச்சுகீசிய ஆராதனையும் மறைந்தது. தமிழ் ஆராதனை மட்டும் நின்றது; அதைப் பேசியவர்கள் ஊரிலேயே இருந்தார்கள்.

1840களில் பொறுப்பேற்ற ஜெர்மனியின் லைப்சிக் மிஷன், முதல் உலகப் போரில் வெளியேற வேண்டியதாயிற்று. சுவீடன் மிஷனெரிகள் கைகொடுக்க, 1919 ஜனவரி 14ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனித் திருச்சபையாக அமைந்தது. தலைமையிடம் திருச்சி, அந்த வளாகத்தின் பெயர் தரங்கைவாசம். தலைமைப் பேராயரை இன்றும் தரங்கம்பாடிப் பேராயர் என்றே அழைக்கிறார்கள். 1956ல் ராஜா மாணிக்கம் அப்பதவிக்கு வந்த முதல் இந்தியர் ஆனார். ஆரோன் குருவானதற்கும் இதற்கும் இடையில் 223 வருஷம்!

2004 சுனாமி தரங்கம்பாடியைக் கடுமையாகத் தாக்கியது. கோயிலும் பாதிக்கப்பட்டது. பழுதுபார்த்து, மிஷனின் முந்நூறாம் ஆண்டான 2006ல் மறுபிரதிஷ்டை செய்தார்கள்.

வெளி மாநிலங்களில் நாமும் கோயில் கட்டுகிறோம், சங்கக் கட்டடம் கட்டுகிறோம். கல்வெட்டில் நன்கொடையாளர் பெயர் இருக்கும். அது தேவைதான். ஆனால் ஐம்பது வருஷம் கழித்து அங்கே தமிழ் கேட்குமா என்பதை முடிவு செய்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித்தருகிறவர்களும் பாய் விரித்து விளக்குப் போடுகிறவர்களுமே. அவர்களில் யாரை மேடைக்கு அழைக்கிறோம், யாரைக் கடைசி வரிசையிலேயே உட்கார வைக்கிறோம் என்பதும் சேர்ந்த கணக்கு. அடுத்த முறை ராஜ வீதிப் பக்கம் போனால், சீகன்பால்குவின் கல்லறையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஆரோன் பெயரைச் சொல்லுங்கள். இராஜநாயக்கன் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள்.