ஈற்றுக்கு எத்தனை குட்டி?

பத்துக் குட்டி ஈன்ற தாயைவிடப் பதினான்கு ஈன்ற தாயின் பெண்குட்டியையே இனப்பெருக்கத்திற்கு வைத்துக்கொள்ள நாம் விரும்புவது இயல்பு. ஆனால், ஈற்றளவில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே பரம்பரையால் வருவது. எஞ்சியது தீனி, தாயின் வயது, இணைசேர்த்த நேரம், கொட்டிலின் நிலை முதலியவற்றைப் பொறுத்தது. ஓர் ஈற்றை மட்டும் கண்டு தேர்ந்தெடுப்பவர் ஏமாறுவது இதனாலேயே.

ஆகவே தாய், பாட்டி, உடன்பிறந்தவை ஆகியவற்றின் பல ஈற்றுக் கணக்குகளையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். ஆண்பன்றி ஈனுவதில்லை, எனினும் மகளின் மரபணுக்களில் பாதி அதனுடையதே. எனவே அதன் தாய், சகோதரிகளின் கணக்கும் அவசியம்.

டென்மார்க்கின் அனுபவம் இங்கு கருதத்தக்கது. 1887-இல் ஹோர்சென்ஸ் நகரில் கூட்டுறவு இறைச்சிக்கூடம் கண்ட விவசாயிகளின் நாடு அது. அங்கே 1990-களில் பிறந்த குட்டிகளின் எண்ணிக்கை கொண்டே இனம் தேர்ந்தனர். குட்டிகள் பெருகின, சாவும் பெருகிற்று. தாயின் முலைக்காம்புகளோ பெரும்பாலும் பதினான்கு அளவிலேயே இருப்பவை. ஆதலின் 2004 முதல் ஐந்தாம் நாளில் உயிருடனிருக்கும் குட்டிகளையே கணக்கிடலாயினர்.

அங்கத்தினர்கள் ஈன்ற நாளில் ஓர் எண்ணும், ஐந்தாம் நாளில் ஓர் எண்ணும் ஏட்டில் குறித்துவர வேண்டுகிறோம். இரண்டு மூன்று பன்றிகளே உடைய ஒருவரின் ஏடு பரம்பரையைப் புலப்படுத்தாது. சங்கத்தார் அனைவரின் ஏடுகளையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் நல்ல வழி எதுவென்பது விளங்கும்.