சிறுநீரில் புரதம், தமனிகளில் கேடு

சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்தின் அளவு கூடக் கூட மாரடைப்பு, பக்கவாதம், கால் தமனி அடைப்பு ஆகியவற்றின் ஆபத்தும் கூடுகிறது. சிறுநீரகம் கெட்டுப்போனதாகச் சொல்ல முடியாத நிலையிலும், ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு சரியாக இருப்பவர்களிடமும் இந்தத் தொடர்பு காணப்படுகிறது. அதனால் அல்புமின் கசிவைச் சிறுநீரக நோயின் அடையாளமாக மட்டும் பார்க்காமல், உடலின் ரத்தக்குழாய்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதற்கான குறியீடாகவும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

அல்புமின் எப்படி உள்ளேயே நிற்கிறது

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் வடிப்பான்கள் உள்ளன. ஒவ்வொன்றும் மிக நுண்ணிய ரத்தக்குழாய்களின் ஒரு கொத்து. ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் இவற்றின் வழியாக வடிகிறது. அதில் பெரும்பகுதி மீண்டும் ரத்தத்திலேயே சேர்ந்துவிடுகிறது. இதே 24 மணி நேரத்தில் சிறுநீரகங்களின் வழியே ஓடும் ரத்தம் சுமந்து செல்லும் அல்புமினைக் கணக்கிட்டால் 30 கிலோவைத் தாண்டும். அவ்வளவும் கடந்து போயும், நலமாக இருப்பவரின் சிறுநீரில் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கும் குறைவாகவே அல்புமின் வெளியேறுகிறது.

இந்தக் கட்டுப்பாட்டைக் காப்பது மூன்று அடுக்குச் சுவர். உட்புறத்தில் ரத்தக்குழாயின் உள்சவ்வு, நடுவே ஒரு மெல்லிய படலம், வெளிப்புறத்தில் விரல்களைக் கோத்தது போன்ற செல்கள். உள்சவ்வின் மேல் சர்க்கரையும் புரதமும் கலந்த வழவழப்பான பூச்சு ஒன்றும் உண்டு. தப்பித்தவறி வடிந்துவிடும் அல்புமினையும் அடுத்துள்ள நுண்குழல்கள் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்கின்றன. இத்தனை தடுப்புகளையும் மீறி அல்புமின் வெளியே வருகிறது என்றால் சுவரில் எங்கோ பழுது இருக்கிறது.

சிறுநீரகத்திலிருந்து இதயத்துக்கு

லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுவார். புரதம் இருந்தால் அது வெண்மையாகத் திரண்டுவிடும். 1827-இல் சிறுநீரக நோயைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். இத்தகைய நோயாளிகள் பலருக்கு இதயத்தின் இடப்பக்கம் பெருத்திருந்ததையும் 1836-இல் எழுதினார். சிறுநீரில் புரதமும் இதயக் கோளாறும் சேர்ந்தே வருகின்றன என்பது அப்போதே தெரிந்திருந்தது என்றாலும், மிகச் சிறிய அளவுக் கசிவை அளக்க வழி இல்லை. அதே மருத்துவமனையில் ஹாரி கீன் குழுவினர் 1963-இல் அதற்கான நுண்ணிய முறையைக் கொண்டுவந்தார்கள்.

டென்மார்க்கின் கார்ல் எரிக் மோகன்சன் 1984-இல் வெளியிட்ட ஆய்வு அடுத்த திருப்பம். நடுவயதுக்குப் பின் சர்க்கரை நோய் வந்தவர்களில், சிறுநீரில் சிறிதளவு அல்புமின் கசிந்தவர்கள் மற்றவர்களைவிட முன்னதாக இறந்தார்கள். அந்த இறப்புகளில் பலவற்றுக்கு இதய, ரத்தக்குழாய் நோய்களே காரணம். அதே நாட்டின் ஸ்டீனோ மருத்துவமனையைச் சேர்ந்த டெக்கெர்ட் குழுவினர் 1989-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். சிறுநீரில் கசியும் அல்புமின், உடல் முழுவதும் ரத்தக்குழாய்கள் சேதமடைந்திருப்பதன் வெளிப்பாடு என்றார்கள்.

இது சர்க்கரை நோயாளிகளோடு நிற்கவில்லை. நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரில் 28 முதல் 75 வயது வரையிலான 40,000-க்கும் மேற்பட்ட பொதுமக்களின் காலைச் சிறுநீர் சோதிக்கப்பட்டது. அல்புமின் அளவு இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 29 சதவீதம் உயர்வதாக 2002-இல் வெளியான முடிவு காட்டியது. பல நாடுகளைச் சேர்ந்த 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த 2010-ஆம் ஆண்டு ஆய்வும் இதை உறுதி செய்தது. இன்ன அளவுக்குக் கீழே ஆபத்தே இல்லை என்று கோடு கிழிக்க முடியாது என்பதும் இவற்றிலிருந்து தெரிகிறது. 30 மில்லிகிராம் என்ற எல்லை நடைமுறை வசதிக்காக வைத்தது. 25 உள்ளவருக்கு 5 உள்ளவரைவிட ஆபத்து கூடுதல்தான்.

ஒரே நோய், இரண்டு இடங்கள்

உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், உடல் பருமன் எல்லாம் முதலில் தாக்குவது ரத்தக்குழாயின் உள்சவ்வைத்தான். சேதமடைந்த உள்சவ்வு, குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடைப் போதிய அளவு சுரப்பதில்லை. அதன் மேற்பூச்சு மெலிகிறது. இதயத் தமனியிலும் கழுத்துத் தமனியிலும் இது நடக்கும்போது கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுந்து படிகிறது, அழற்சி தொடங்குகிறது, ஆண்டுக்கணக்கில் அடைப்பு வளர்கிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் இதே சேதம் நேரும்போது அல்புமின் கசிகிறது. தமனிச் சுவருக்குள் நடப்பதை வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. சிறுநீரகத்தில் நடப்பதை ஒரு குப்பிச் சிறுநீர் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அல்புமின் கசிவு எல்லாமே இந்த வகையைச் சேர்ந்ததல்ல. இளம் வயதில் முகமும் காலும் வீங்கி, ஒரு நாளைக்குப் பல கிராம் புரதம் வெளியேறினால் அது சிறுநீரக வடிப்பானையே நேரடியாகத் தாக்கும் நோயாக இருக்கலாம். அதற்குச் சிறுநீரக மருத்துவரின் தனி விசாரணை தேவை.

எந்தப் பரிசோதனை

சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் 'அல்புமின் – நில்' என்று வந்தால் பலரும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அந்த நிம்மதிக்குப் போதிய ஆதாரம் இல்லை. லேபில் நனைத்துப் பார்க்கும் பட்டை ஒரு '+' காட்ட வேண்டுமானால், லிட்டருக்குச் சுமார் 300 மில்லிகிராம் புரதம் இருக்க வேண்டும். நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் சிறுநீர் நீர்த்து, உள்ளதும் மறைந்துவிடும். நுரையை நம்பியும் இருக்க முடியாது. தொடக்க நிலைக் கசிவில் சிறுநீர் நுரைப்பதில்லை.

சரியான சோதனை, அல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தை அளப்பது. லேப்களில் 'ஏ.சி.ஆர்.' என்றோ 'யூரின் மைக்ரோஅல்புமின்' என்றோ கேட்கலாம். காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் சிறந்தது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு, 30 முதல் 300 வரை மிதமான உயர்வு, அதற்கு மேல் கடுமையான உயர்வு.

ஒரே சோதனையை வைத்து முடிவுகட்டக் கூடாது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடற்பயிற்சி, மாதவிடாய், எகிறிய சர்க்கரை ஆகியவை தற்காலிகமாக அளவை உயர்த்தும். சில மாத இடைவெளிக்குள் மூன்று முறை பார்த்து, அவற்றில் இரண்டிலாவது கூடியிருந்தால்தான் கசிவு உறுதியாகும்.

இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ளவர்கள், நோய் தெரிந்த அன்றே இதைச் செய்து, பிறகு ஆண்டுதோறும் செய்ய வேண்டும். முதல் வகையினர் ஐந்தாண்டு கழித்துத் தொடங்கலாம். சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வில் சர்க்கரை நோயாளிகளில் 26.9 சதவீதம் பேருக்கு இந்தத் தொடக்க நிலைக் கசிவு இருந்தது. நால்வரில் ஒருவருக்கும் மேல். அப்படியிருந்தும் சர்க்கரை அளவை மாதாமாதம் பார்ப்பவர்கள்கூட இந்தச் சோதனையை ஒருமுறையும் செய்யாமல் இருப்பது வருத்தத்துக்குரியது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் இது தேவை.

கசிவு தெரிந்த பிறகு

ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவதே முதல் வேலை. ராமிப்ரில், எனலாப்ரில் வகை மருந்துகளும் லோசார்டான், டெல்மிசார்டான் வகை மருந்துகளும் அழுத்தத்தோடு வடிப்பானுக்குள் உள்ள இறுக்கத்தையும் தணித்துக் கசிவைக் குறைக்கின்றன. உப்பைக் குறைத்தால் இவை இன்னும் நன்றாக வேலை செய்கின்றன. நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும்; ஊறுகாய், அப்பளம், கருவாடு, நொறுக்குத்தீனி ஆகியவற்றைக் குறைக்காமல் அது நடக்காது. சர்க்கரைக்கு வந்த டாபாகிளிஃப்ளோசின், சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பயன் தருவதை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. இதயச் செயலிழப்புக்கான மருத்துவமனைச் சேர்க்கையும் இதய, ரத்தக்குழாய் இறப்பும் சேர்ந்து 29 சதவீதம் குறைந்தன. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை பெரும்பாலானோருக்குத் தேவைப்படும். புகைப்பதை அறவே விட வேண்டும்.

மூட்டுவலிக்குக் கடையில் தாமாகவே வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கெடுதல். ராமிப்ரில், லோசார்டான் வகை மருந்துகளைக் கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது. மற்றவர்கள் தொடங்கிய சில வாரங்களுக்குள் பொட்டாசியத்தையும் கிரியாட்டினினையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை பலிக்கிறதா என்பதை அறியவும் இதே ஏ.சி.ஆர். சோதனைதான் உதவும், அளவு கணிசமாக இறங்கியவர்களுக்கு இதய நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் குறைவாகவே வருகின்றன.