உடைந்த வளையல்களில் எழுந்த உலகம்

பீங்கான் கோப்பை கை தவறி உடைந்தால் மறுகணமே குப்பைக்குப் போகிறது. பெருநாளைக்கு அணிந்த கண்ணாடி வளையல்கள் உடைந்து, துடைப்பத்தால் பெருக்கித் தள்ளப்படுகின்றன. ஓடி ஓய்ந்த சைக்கிள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போகிறது. தேனியிலும் கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் நாம் அன்றாடம் காணும் காட்சிகள் இவை. இத்தகைய கழிபொருட்களையே பொறுக்கிச் சேர்த்து, உலகம் வியக்கும் சிற்பத் தோட்டம் ஒன்றை எழுப்பினார் ஒருவர். சண்டிகர் நகரில் உள்ள அத்தோட்டத்தின் பெயர் ராக் கார்டன். அதைப் படைத்தவர் பெயர் நேக் சந்த்.

இன்று பாகிஸ்தானில் உள்ள சக்கர்கர் வட்டாரத்தின் சிற்றூர் ஒன்றில் 1924-ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். 1947-இல் நிகழ்ந்த பிரிவினை அவரை ஊரற்றவராக்கியது. பின்னர், புதிதாக உருவாகி வந்த சண்டிகரில் பொதுப்பணித்துறைச் சாலை ஆய்வாளராகப் பணியேற்றார். புதிய நகருக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டிருந்தன. இடிபாடுகளிடையே ஓடுகளும் பானைத் துண்டுகளும் வளையல்களும் சிதறிக் கிடந்தன. தம் ஊரை இழந்தவரின் கண்களுக்கு அவை குப்பையாகத் தோன்றவில்லை.

1957 முதல், பணி முடிந்த பின் அவற்றைச் சைக்கிளில் சுமந்து சென்றார். சுக்னா ஏரிக்கு அருகே, கட்டடம் எழுப்பத் தடை விதிக்கப்பட்ட காட்டுப் பகுதியில் சேர்த்து வைத்தார். இரவில் பழைய டயர்களைக் கொளுத்தி, அந்த வெளிச்சத்தில் வேலை செய்தார். சைக்கிளின் முன்சக்கரத்தைத் தாங்கும் கவைக்கம்பி கால்களாயிற்று. இருக்கை விலங்கின் தலையாயிற்று. கம்பிச் சட்டத்தின் மீது சிமெண்டைப் பூசி, அது இறுகுமுன் வளையல் துண்டுகளையும் பீங்கான் சில்லுகளையும் பதித்தார். சிற்பக்கலையை அவர் எவரிடமும் முறையாகப் பயின்றதில்லை!

ஏறத்தாழ 18 ஆண்டுகள் இந்த இரகசியம் காக்கப்பட்டது. அதிகாரிகள் கண்டறிந்தபோது தோட்டம் சுமார் 12 ஏக்கர் பரந்திருந்தது. சட்டப்படி அது இடிக்கப்பட வேண்டியதே. ஆயினும் மக்களின் ஆதரவு அதைக் காத்தது. 1976-இல் தோட்டம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அரசு அவருக்குச் சம்பளமும் துணைக்கு 50 தொழிலாளர்களையும் அளித்தது. நகரத்துக் கழிபொருட்களைச் சேகரிக்க நிலையங்களும் அமைந்தன. 1984-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற நேக் சந்த், 2015 ஜூன் 12 அன்று மறைந்தார். அவருக்குப் பின்னும் சோதனை ஓயவில்லை. 2025-இல் சாலை விரிவாக்கத்திற்காகத் தோட்டச் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது.

இதில் நமக்கென்ன பாடம் என வாசக சகோதரிகள் கேட்கலாம். உயிருள்ளவற்றின் உருவங்களை வடிப்பதை உலமாக்கள் தடுத்துள்ளனர். ஆகவே அவருடைய மனித, விலங்கு உருவங்கள் நமக்கு முன்மாதிரி ஆகா. ஆனால் சில்லுகளைப் பதிக்கும் முறைக்கு உருவம் தேவையில்லை. மொராக்கோவின் பள்ளிவாசல்களிலும் மத்ரஸாக்களிலும் வண்ண ஓடுகளைச் சிறு துண்டுகளாக வெட்டிப் பதித்து, விண்மீன் கோலங்களால் சுவர்களை அழகுபடுத்தியுள்ளனர். நம் வீட்டுப் பூந்தொட்டியிலும் திண்ணையிலும் அவ்வழகைக் கொண்டுவரலாம். திராட்சைப் பந்தலில் கழிந்த கம்பியை வளைத்துக் கொடி படரும் வளைவு அமைக்கலாம். கூர்மையான விளிம்புகளைப் பெரியவர்களே தேய்த்து மழுக்கித் தர வேண்டும். பாதரசம் உள்ள குழல்விளக்குகளையும் பழைய பேட்டரிகளையும் பிள்ளைகள் தொடவே கூடாது.

வீண்விரயத்தைத் திருமறை வன்மையாகக் கண்டிக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்பதை நாம் அறிவோம். உடைந்ததை வாய்க்கால் கரையில் கொட்டச் செல்லும் கை ஒரு கணம் தயங்கட்டும். பயன் தீர்ந்தது பொருளிலா, அல்லது நம் பார்வையிலா என்று பிள்ளைகளோடு அமர்ந்து சிந்திப்போம்.